கூடாரம் பிரிக்காத நாள்

வடஅமெரிக்க ஏரிக்காடுகளில் கனூப் பயணம் சென்று வந்தோர் எழுதும் நாட்குறிப்புகளைத் தொடர்ந்து படிப்பவர்க்கு ஒரு வாய்பாடு விரைவில் பிடிபட்டுவிடும். முதல் நாள் இத்தனை மைல், இத்தனை ஏரி. இரண்டாம் நாள் அதைவிடக் கூடுதல். மூன்றாம் நாளுக்கு மட்டும் ஒற்றை வரி: அன்று எங்கும் செல்லவில்லை, ஓய்வெடுத்தோம். நான்காம் நாள் மீண்டும் மைல், மீண்டும் ஏரி. அந்த ஒற்றை வரிக்குள் ஒரு முழுநாளை உயிரோடு புதைத்துவிட்டு எழுதுபவர் நகர்ந்துவிடுகிறார். படிப்பவரும் நகர்ந்துவிடுகிறார். பயணத்தின் சாரம் பெரும்பாலும் அந்தப் புதைகுழிக்குள்தான் கிடக்கிறது என்பது என் கட்சி. இதை மென்மையாகச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. காரணம் பின்னால் வரும்.

பழக்கமில்லாத வாசகர்க்காகச் சில விளக்கங்கள். கனூ என்பது துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய நீள்படகு. இருவர் அமர்வது ஏறத்தாழ 17 அடி. மினசோட்டா மாநிலத்தின் வடவெல்லையில், கனடாவை ஒட்டி, பௌண்டரி வாட்டர்ஸ் என்னும் காடு இருக்கிறது. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் பரப்பு, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட முகாமிடங்கள். எல்லைக்கு அப்பால் குவெட்டிக்கோ, 1913இல் பூங்காவானது. கிழக்கே ஒன்டாரியோவில் அல்கோங்குயின், 1893இல் அமைந்தது. ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்கும் வரை படகையும் மூட்டைகளையும் தோளில் சுமந்து நடக்க வேண்டும். அந்தச் சுமைத்தடத்தைப் போர்ட்டேஜ் என்பர். அதன் நீளத்தை இன்றும் ராட் என்னும் பழைய அளவில்தான் சொல்கிறார்கள். ஒரு ராட் 16.5 அடி, கிட்டத்தட்ட ஒரு கனூவின் நீளம். ஒரே நடையில் எல்லாவற்றையும் சுமக்க இயலாதவர் திரும்பி வந்து மறுபடி சுமக்கிறார். ஒரு மைல் தடம் அவருக்கு மூன்று மைல் நடையாகிறது. இப்படிப்பட்ட பயணத்தின் நடுவே, முகாமிட்ட இடத்திலேயே கூடாரத்தைப் பிரிக்காமல் இன்னொரு பகலும் இரவும் இருந்துவிடுவதையே நான் தங்கல் நாள் என்கிறேன்.

இந்த நாளுக்கு எதிரிகள் மூவகையினர்.

முதலாமவர் தூரக் கணக்கர். இவர் கையில் ஜி.பி.எஸ். கருவி இருக்கும். ஏரிகளை எண்ணுவார். வீடு திரும்பியதும் வரைபடத்தில் சிவப்புக்கோடு இழுத்துப் பார்த்து மகிழ்வார். இவரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. எண்ணுவது அவருக்கு இன்பம் என்றால் எண்ணட்டும். ஆனால் இவர் தமக்கு முன்னோடியாக வோயஜர்களைக் காட்டும்போதுதான் வரலாறு படித்தவன் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. வோயஜர் என்போர் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் மென்மயிர்த் தோல் வணிகத்துக்காகக் கனூ வலித்த பிரெஞ்சுக் கனடியக் கூலிகள். விடியுமுன் எழுந்து இருட்டும் வரை துடுப்புப் போட்டவர்கள். சுபீரியர் ஏரிக்கரையின் கிராண்ட் போர்ட்டேஜில் எட்டரை மைல் தடத்தில், ஒவ்வொன்றும் 90 பவுண்டு எடையுள்ள இரண்டு பொதிகளை ஒருசேரச் சுமந்தவர்கள். தூரத்தைப் புகைக்குழாய்க் கணக்கில் சொன்னவர்கள். இடையிடையே நின்று ஒரு குழாய் புகைத்தார்கள் என்பதால். இவையெல்லாம் மெய். ஆனால் அவர்கள் ஏன் விரைந்தார்கள்? ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்த கூலிகள் என்பதால். ஏரிகள் உறைவதற்குள் சரக்குப் போய்ச் சேராவிட்டால் கம்பெனிக்கு நட்டம் என்பதால். அந்த அவசரம் முதலாளியின் அவசரம். இருநூறு ஆண்டு கழித்து, சம்பளத்தோடு கூடிய விடுப்பில், சொந்தப் பணத்தைச் செலவழித்து வந்த ஒருவர் அந்தக் கூலியின் முதுகுவலியை விரும்பி நடித்துக் காட்டுவதை வீரம் என்று என்னால் வாசிக்க முடியவில்லை.

இன்னொன்றையும் இவர்கள் மறைக்கிறார்கள். மாண்ட்ரியலிலிருந்து சரக்கோடு வந்த படகுகளும் வடமேற்கில் குளிர்காலத்தைக் கழித்துத் தோல்களோடு வந்த படகுகளும் ஜூலை மாதத்தில் அதே கிராண்ட் போர்ட்டேஜில்தான் சந்தித்தன. கணக்கு முடித்தல், சரக்கு மாற்றுதல், ஆட்டம், குடி, அடிதடி என்று அங்கே தங்கினார்கள். அந்தத் தங்கல் இல்லாமல் அந்த வணிகமே இல்லை. காற்று மிகுந்து ஏரியில் இறங்க முடியாமல் கரையில் முடங்கிக் கிடக்கும் நிலைக்கு அவர்களிடம் 'தெக்ராதே' என்று தனிச்சொல்லே இருந்தது. தங்குவதற்குச் சொல் வைத்திருந்தவர்களைத் தங்காதவர்களின் தெய்வமாக்கிவிட்டோம்.

இரண்டாமவர் துறவி. இவர் சற்றுக் கடினமான எதிரி, ஏனெனில் படித்தவர். கனடாவின் பிரதமராகப் பின்னாளில் விளங்கிய பியேர் ட்ரூடோ 1944இல், இளைஞராக இருந்தபோது, கனூப் பயணம் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். களைப்பும் நிறைவும், கனூவில் ஒரு துறவி என்று பொருள்படும் தலைப்பு. உடலை வருத்துவதன் வழியே மனிதன் தன் மிகையான சுமைகளைக் களைகிறான் என்பது அதன் போக்கு. நல்ல கட்டுரைதான், கனூ எழுத்தில் அதற்குள்ள இடத்தை மறுக்கவில்லை. ஆனால் அது ஊன்றிய விதையிலிருந்து முளைத்த மரத்தைப் பாருங்கள். ஓய்வை உழைத்துச் சம்பாதிக்க வேண்டும், வலிக்காத நாள் கணக்கில் சேராது, தங்கல் நாள் கிழவர்க்கும் நோயாளிக்கும் மழையில் மாட்டிக்கொண்டவர்க்கும் உரியது. பரிசும் தண்டனையும் இல்லாத ஒரு நாளை இவர்களால் கற்பனை செய்யவே முடிவதில்லை.

எழுத்தையே சான்றாக வைத்துப் பேசுவோம். மினசோட்டாவின் ஈலி ஊரில் கல்லூரி ஆசிரியராகவும் முதல்வராகவும் பணியாற்றி, 1947இல் அதை விட்டுவிட்டு எழுத வந்தவர் சிகர்ட் ஓல்சன். கனூக் காடுகளின் எழுத்தாளர் என்று ஒருவரைச் சுட்டச் சொன்னால் பலரும் இவரையே சுட்டுவர். இவர் 1955இல் நண்பர்களோடு சர்ச்சில் ஆற்றில் ஏறத்தாழ 500 மைல் சென்றதை 'தி லோன்லி லேண்ட்' (1961) என்னும் நூலாக எழுதினார். அதற்கு மூன்றாண்டு முன்பு, 1958இல், பர்ன்ட்சைட் ஏரிக்கரையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு பாறைமுனையைப் பற்றி 'லிசனிங் பாயின்ட்' எழுதினார். முன்னது நம்பகமான பயணநூல். வரலாற்றுச் செய்திகளுக்காகப் படிக்கலாம். பின்னதைப் படித்து முடித்தவன் ஒரு கல்லை முன்போலப் பார்க்க மாட்டான். 500 மைல் தராததை அந்த முனை அவருக்குத் தந்தது. காரணம், அவர் அங்கே இருந்தார்.

ஓவியத்திலும் இதே கதைதான். அல்கோங்குயின் காட்டை உலகறியச் செய்த டாம் தாம்சன் வண்ணப்பெட்டியைக் கனூவில் ஏற்றிக்கொண்டு அலைந்தவர். 1917 ஜூலையில் அங்குள்ள கனூ ஏரியிலேயே மாண்டார். உள்ளங்கைகளை விரித்தால் மறைந்துவிடும் அளவுள்ள சிறு மரப்பலகைகளில் நேரில் கண்டதைத் தீட்டினார். அலைந்தார் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறார்கள். துடுப்புப் போடும் கையில் தூரிகை பிடிக்க முடியாது என்ற எளிய உண்மை யார் நினைவுக்கும் வருவதில்லை.

மூன்றாமவர் மனிதர் அல்லர், ஒழுங்குமுறை. பௌண்டரி வாட்டர்ஸில் எந்த நாள், எந்த வாயில் வழியாக நுழைகிறீர்கள் என்பதற்குத்தான் முன்பதிவு. உள்ளே போனபின் எந்த ஏரியில் தங்குவது என்பது உங்கள் விருப்பம். ஒரே முகாமிடத்தில் 14 நாள் வரை இருக்கலாம். இது பண்பட்ட ஏற்பாடு. அல்கோங்குயினில் ஒவ்வோர் இரவுக்கும் இன்ன ஏரி என்று முன்கூட்டியே பதிந்தாக வேண்டும். நெரிசலைக் கட்டுப்படுத்த வேறு வழியில்லை என்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் விளைவு என்ன? சில மாதங்களுக்கு முன் கணினி முன்னமர்ந்து எடுத்த முடிவு, இன்று காலை உங்கள் தோள் எப்படி இருக்கிறது, மேற்கே வானம் எப்படிக் கறுக்கிறது என்பவற்றையெல்லாம் மீறி உங்களைக் கிளப்பிவிடுகிறது. தங்கல் நாளையும் அன்றே திட்டமிட்டுப் பதிந்தால் உண்டு. பதிபவர் சிலரே, ஒரே ஏரிக்கு இரண்டு இரவா, வீண் என்று தோன்றிவிடுகிறது.

இதற்கும் அடியில் ஒரு சட்டம் இருக்கிறது. 1964ஆம் ஆண்டின் அமெரிக்க வனாந்தரச் சட்டம், வனாந்தரத்தை வரையறுக்கும்போது மனிதனை அங்கு வந்துபோகும் விருந்தாளி என்றும் தங்கிவிடாதவன் என்றும் குறிக்கிறது. அச்சட்டம் காத்த காடுகள் ஏராளம். அதை நான் பழிக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஏரிகளில் தங்கியிருந்தவர்கள் இருந்தார்கள். ஒஜிப்வே மக்களுக்கு அது வனாந்தரம் அன்று, வீடு. கோடை முடிவில் மனோமின் என்னும் காட்டரிசி விளைந்த ஏரிகளின் கரையில் குடும்பத்தோடு முகாமிட்டு, ஒருவர் கனூவைச் செலுத்த மற்றவர் இரு கோல்களால் கதிரை வளைத்துத் தட்டி மணியைப் படகுக்குள் உதிர்ப்பர். இவ்வழக்கம் இன்றும் உண்டு. 1854 உடன்படிக்கையில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோதும் வேட்டை, மீன்பிடி உரிமைகளை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கனூ அவர்களுடைய கருவி. அதை வாங்கிக்கொண்டோம், அதோடு சேர்ந்திருந்த 'இருப்பை' மட்டும் கரையில் விட்டுவிட்டோம்.

இனி, மென்மையாகப் பேச மாட்டேன் என்றதன் காரணம்.

2017 மே மாத இறுதியில் மினியாபொலிஸில் வசிக்கும் என் அத்தான், அவருடைய நண்பர் ஒருவர், அன்று 15 வயதான என் மருமகன், நான் ஆகிய நால்வரும் இரண்டு கனூக்களில் பௌண்டரி வாட்டர்ஸுக்குச் சென்றோம். நான்கு இரவு, நான்கு ஏரி. அட்டவணையைத் தயாரித்தவர் அத்தான், மெச்சியவன் நான். கடைசி நாள் ப்ரூல் ஏரி. கிழக்குமேற்காக நீண்ட பெரிய ஏரி. மேற்குக் காற்று கிளம்பினால் தடுக்க ஒன்றுமில்லை. நாங்கள் மேற்குமுனையில் இருந்தோம், வண்டி கிழக்கே நின்றது. காலையிலேயே அலைகளின் தலை வெளுத்திருந்தது. மாலைவரை பொறுத்திருந்தால் காற்றுத் தணிந்திருக்கக்கூடும். மறுநாள் விடியலில் ஏரி கண்ணாடியாகக் கிடந்திருக்கவும் கூடும். ஆனால் மறுநாள் எனக்கு விமானம்.

"காத்து பின்னாலிருந்துதானே அடிக்குது, மாப்பிள்ளை. தள்ளிக்கிட்டே போயிடும்" என்றார் அத்தான். நானும் ஆமாம் என்றேன்.

பின்னாலிருந்து வரும் அலைதான் மிகக் கொடியது என்பதை அன்று கற்றேன். அது படகின் பின்புறத்தைத் தூக்கி, பக்கவாட்டில் திருப்பி, அடுத்த அலைக்கு விலாவைக் காட்டவைத்தது. பின் இருக்கையில் இருந்தவன் நான். திருத்தியிருக்க வேண்டியவனும் நானே. படகு நிறைந்தது, கவிழ்ந்தது. பனிக்கட்டி உருகிச் சில வாரங்களே ஆன நீர். மூச்சு உள்ளே போக மறுத்தது. மருமகன் "மாமா" என்று ஒரே ஒரு முறை அழைத்தான். உயிர்காப்பு அங்கிகளை முறையாகக் கட்டியிருந்ததாலும், அருகே ஒரு பாறைமுனை இருந்ததாலும், அத்தானின் படகு எப்படியோ எங்களை எட்டியதாலும் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு மூட்டையும் என் மூக்குக்கண்ணாடியும் ப்ரூல் ஏரிக்குச் சொந்தமாயின. அன்று பிற்பகல் முழுவதும் அந்தப் பாறையில் தீ மூட்டிக் காத்திருந்தோம். மாலையில் காற்று அடங்கியது. காலையிலேயே காத்திருக்க மறுத்த அதே மணிநேரங்களைத்தான், பற்கள் கிட்டிக்க, காத்திருந்து கழித்தோம்.

காற்றின்மேல் பழிபோடுவது எளிது. காற்று அடிக்கும், அது அதன் வேலை. எங்களைக் கவிழ்த்தது அட்டவணை. அதில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், வெறுமையாக இருந்திருந்தால் நாங்கள் அந்தக் காலையில் இறங்கியிருக்க மாட்டோம். இதற்குப் பிறகும் தங்கல் நாள் சோம்பேறியின் சலுகை என்று என்னிடம் யாரேனும் சொன்னால், அவருக்குப் பொறுமையோடு பதில் சொல்ல எனக்குப் பயிற்சி போதாது.

2019 ஜூனில் மீண்டும் போனோம். மருமகன் வர மறுத்து, அக்காள் ஒன்றும் சொல்லாமல் இருந்து, கடைசியில் தானாகவே வந்தான். சாபில் ஏரியிலிருந்து ஒரு நாள் துடுப்பில் தீவுகள் நிறைந்த செரோக்கி ஏரி. ஆறு நாளில் இரண்டு தங்கல் நாள், இரண்டும் அங்கேதான்.

அந்த முதல் தங்கல் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முந்தைய இரவு மழை. காலையில் யாரும் யாரையும் எழுப்பவில்லை. தார்ப்பாயை உதறிக் கட்டினோம். உறங்குபைகளையும் காலுறைகளையும் இரண்டு தேவதாரு மரங்களுக்கிடையே கயிற்றில் உலர்த்தினோம். அத்தான் மாவைப் பிசைந்து சட்டியில் தட்டி, தணலருகே சாய்த்துவைத்து பானக் என்னும் தடித்த ரொட்டியைச் சுட்டார். ஒரு பக்கம் கரியாயிற்று. நான் பட்டுவிழுந்த சுள்ளிகளைத் தேடி நெடுந்தொலைவு போனேன் (நிற்கும் மரத்தைத் தொடக்கூடாது என்பது விதி). தங்கல் நாள் என்றவுடன் சாய்ந்து கிடந்து வானம் பார்ப்பது என்று எண்ணுவோரும் பிழையே செய்கிறார்கள். அன்று பார்த்த வேலை துடுப்புப் போட்ட நாளைவிடக் குறைவன்று. ஆனால் எந்த வேலைக்கும் அடுத்த வேலை காவல் நிற்கவில்லை. முதல் நாள் மாலையில் வெறும் கருங்கோடாகத் தெரிந்த எதிர்க்கரை, காலை ஒளியில் மூன்று தனித்தனி முனைகள் என்று தெரிந்தது. நடுப்பகலில் ஒரு முனைக்குப் பின்னால் ஒரு குடா இருப்பது தெரிந்தது. ஒரு லூன் பறவை இணையோடு அங்கே நுழைவதையும் திரும்புவதையும் பார்த்துக்கொண்டிருந்தோம். கிளம்பிப் போயிருந்தால் அந்த ஏரி எங்களுக்கு ஒரு கருங்கோடு மட்டுமே.

பிற்பகலில் மருமகன் மூட்டைகளில்லாத கனூ ஒன்றை இறக்கினான். கரைக்கு அருகே, மார்பளவு நீரில், அதை வேண்டுமென்றே கவிழ்த்தான். இரண்டு ஆண்டாக அவன் படகின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டே அமர்ந்திருந்ததை எல்லோரும் பார்த்தோம், யாரும் பேசியதில்லை. அத்தான் மற்றொரு கனூவில் அருகே போனார். கவிழ்ந்த படகைத் தம் படகின் குறுக்கே இழுத்துப்போட்டு, நீரை வடித்து, நிமிர்த்தி மீண்டும் ஏரியில் விட்டார், அவன் ஏறினான். திரும்பக் கவிழ்த்தான். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, "மாமா, நீங்களும் வாங்க" என்றான். எனக்கு விருப்பமில்லை, நீர் இன்னும் குளிர்ந்தே இருந்தது, எனக்கும் அச்சமிருந்தது என்பதை அப்போதுதான் அறிந்தேன். போனேன். இருட்டும்வரை கவிழ்ந்துகொண்டும் ஏறிக்கொண்டும் இருந்தோம். நகரும் நாளில் இதற்கு இடமேது? ஈர உடையோடு அடுத்த சுமைத்தடத்துக்கு யார் போவார்?

இனி ஒரு மறுப்பு. "ஆண்டுக்கு இரண்டு வாரம் விடுப்பு உள்ளவனிடம் போய் ஒரு நாளைச் சும்மா விடு என்கிறீரே" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாளைக் கூட்டச் சொல்லவில்லை, ஏரியைக் குறைக்கச் சொல்கிறேன். நான்கு நாளில் நான்கு ஏரி பார்த்தவன் எத்தனை ஏரி பார்த்தான் என்பதற்கு என் விடையை மேலே எழுதிவிட்டேன்.

தமிழ் படித்தவன் என்பதால் ஒன்று நினைவுக்கு வராமல் இல்லை. காடும் காடு சார்ந்த இடமுமான முல்லைக்கு நம் இலக்கணம் வைத்த உரிப்பொருள் 'இருத்தல்'. அங்கே அது தலைவன் வரும்வரை தலைவி ஆற்றியிருப்பது. கனூவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அன்றே தமிழன் தங்கல் நாள் கண்டான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பிரிந்து செல்வதைப் பாலைக்குத் தந்தவர்கள் காட்டுக்கு இருப்பதைத் தந்தார்கள் என்ற அளவில் அந்தச் சொல்லின்மேல் எனக்கு ஓர் ஆசை. 'இருத்தல் நாள்' என்று எழுதிப் பார்த்தேன், செயற்கையாக ஒலிக்கிறது. 'தங்கல்' என்றால் விடுதி வாடை அடிக்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் தெரிந்தவர்கள் எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். 'ஓய்வு நாள்' மட்டும் வேண்டாம்.